மஞ்சளிலிருந்து குர்குமின்: தூய்மையாக்கலிலும் நிறமாலையிலும் வரும் கோளாறுகளும் தீர்வும்

மஞ்சள் தூளிலிருந்து குர்குமினைப் பிரித்து, அதன் கட்டமைப்பை நிறமாலை கொண்டு உறுதி செய்வது எம்.எஸ்சி. ஆய்வகங்களில் அடிக்கடி செய்யப்படும் பயிற்சி. நிறம் கண்ணுக்கே தெரிவதால் எளிதாகத் தோன்றும். சிக்கல் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் ஒன்றல்ல, மூன்று. இரண்டு மெத்தாக்ஸி (–OCH3) தொகுதிகள் கொண்ட குர்குமினின் மூலக்கூறு நிறை 368. ஒரு மெத்தாக்ஸி குறைந்த டிமெத்தாக்ஸி குர்குமின் 338. இரண்டுமே இல்லாத பிஸ்டிமெத்தாக்ஸி குர்குமின் 308. கடையில் ‘குர்குமின்’ என்று விற்கும் தூளிலேயே இந்த மூன்றும் ஏறத்தாழ 77, 17, 3 விழுக்காடு என்ற அளவில் கலந்திருப்பது வழக்கம். மூன்றும் நிறத்திலும் கரைதிறனிலும் உடன்பிறப்புகள் போன்றவை. ஹைட்ரஜன், கார்பன் அணுக்களின் சூழலைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையிலும் இவற்றின் கோடுகள் பல இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று விழும். எனவே எந்தக் கருவியில் பார்த்தாலும், இந்த மூன்றும் பிரிந்து தெரியும் இடம் எது என்று தேடிப் பார்க்க வேண்டும். மற்ற இடங்கள் பொருந்துவதை வைத்துத் தூய்மையை முடிவு செய்ய முடியாது. இனி இவற்றை 368, 338, 308 என்றே குறிப்பிடுகிறோம்.

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த அடிப்படை முறைக்கானவை: 20 கிராம் மஞ்சள் தூள், 50 மில்லி டைகுளோரோமீத்தேன், ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பும்படி கொதிக்க வைத்தல்). வடிகட்டி, ரோட்டாவேப்பில் (சுழலும் வெற்றிட ஆவியாக்கியில்) கரைப்பானை நீக்கி, மிஞ்சும் பிசினை 20 மில்லி ஹெக்சேனில் தேய்த்துத் திடப்பொருளை எடுப்பது. பிறகு சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கரைப்பானோடு ஓடவிட்டுப் பிரிக்கும் காலம் (column) குரோமட்டோகிராபி, கடைசியில் எத்தனாலில் மறுபடிகமாக்கல். எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள். ஹெக்சேன் இருக்கும் இடத்தில் திறந்த சுடர் கூடாது.

ஹெக்சேன் ஊற்றியும் பிசுபிசுப்பு போகவில்லை

பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் முழுதாகப் போகாததே காரணம். அது சிறிது இருந்தாலும் எண்ணெயையும் நிறப்பொருளையும் சேர்த்தே கரைசலில் பிடித்து வைத்துக்கொள்ளும். 40 முதல் 50 டிகிரியில் வெற்றிடத்தில் எடை மாறாத வரை வைத்து எடுத்துவிட்டு, பிறகு ஹெக்சேன் ஊற்றுங்கள். ஊற்றி வைத்தால் மட்டும் போதாது. கண்ணாடிக் கோலால் பிசினை நசுக்கி நசுக்கித் தேய்க்க வேண்டும். மேலே நிற்கும் ஹெக்சேனை இறுத்துவிட்டு, புதிதாக 20 மில்லி ஊற்றி இன்னும் இரண்டு முறை செய்தால் ஆரஞ்சுத் தூளாக உதிரும்.

ஹெக்சேனில் போவது டர்மெரோன்கள் என்னும் மஞ்சள் எண்ணெய். முழுதும் போய்விட்டதா என்று அறிய 9:1 ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட்டில் ஒரு டிஎல்சி (சிலிக்கா பூசிய தட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) போடுங்கள். குர்குமின் அடிக்கோட்டிலேயே நிற்கும். 254 நானோமீட்டர் விளக்கில் மேலே நிறமற்ற கரும்புள்ளி தெரிந்தால் எண்ணெய் இன்னும் மிச்சம். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டால், பிறகு குளோரோஃபார்ம் என்எம்ஆரில் 1.86, 2.11, 2.31 பிபிஎம்மில் (நிறமாலையின் அளவுகோல்) மூன்று கூர்மையான சிங்லெட் (ஒற்றைக் கோடு), 6.03இல் ஒன்று, 1.25இல் ஒரு டபுளெட் (இரட்டைக் கோடு) என ஆர்-டர்மெரோன் வந்து நிற்கும்.

டிஎல்சி தட்டில் புள்ளி வால் பிடிக்கிறது

முதலில் கரைசலை நீர்க்கச் செய்யுங்கள். ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் போதும். கண்ணுக்கு நன்றாக மஞ்சளாகத் தெரியும் புள்ளி, தட்டுக்கு மிகையான புள்ளி. அதன் பிறகும் வால் இருந்தால் ஃபீனால் தொகுதிகள் (வளையத்தில் உள்ள –OH) சிலிக்காவோடு ஒட்டுகின்றன என்று பொருள். 10 மில்லி கரைப்பானுக்கு ஒரு சொட்டு, அதாவது சுமார் 0.5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் சேருங்கள்.

ஒரே புள்ளிதான் வருகிறது என்று மகிழ வேண்டாம். குளோரோஃபார்ம்–மெத்தனால் 95:5இல் மூன்று மஞ்சள் புள்ளிகள் தெரிய வேண்டும்: மேலே 368, நடுவே 338, கீழே 308. மூன்றும் ஒன்றாகத் தட்டின் உச்சிக்குப் போயிருந்தால் மெத்தனால் மிகை. கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிய தட்டு ஒரு நாளைக்கு ஒரு ஆர்எஃப் (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) காட்டும். 110 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, டெசிக்கேட்டரில் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒப்பிடுவதற்கு எப்போதும் அதே தட்டில் ஒரு வணிகக் குர்குமின் புள்ளியும் இருக்கட்டும். ஆர்எஃப் எண்ணைவிட அது நம்பகமானது.

சிலிக்கா குழாயில் விரிசலும் குமிழும்

டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை 40 டிகிரி. ஏசி இல்லாத ஆய்வகத்தில் சித்திரை, வைகாசி மதியங்களில் அறை வெப்பமே அதை நெருங்கிவிடும். அதோடு, உலர்ந்த சிலிக்கா கரைப்பானை உறிஞ்சும்போது, குறிப்பாக மெத்தனால் சேரும்போது, சூடு வெளிப்படும். இரண்டும் சேர்ந்து கரைப்பான் குழாய்க்குள்ளேயே ஆவியாகி விரிசல் விடுகிறது.

சிலிக்காவை வெளியே ஒரு கூம்புக் குடுவையில் கரைப்பானோடு கலக்கி, சூடு தணிந்த பின் குழம்பாக ஊற்றுங்கள். மெத்தனாலை 1, 2, 3 விழுக்காடு என்று படிப்படியாக ஏற்றுங்கள். வெயில் கடுமையான நாளில் 61 டிகிரியில் கொதிக்கும் குளோரோஃபார்முக்கு மாறுவது நல்லது. கரைப்பான் மட்டம் சிலிக்காவுக்குக் கீழே இறங்கிக் காய்ந்துவிட்டால் அந்தக் குழாயை மீட்க முடியாது. பொருளைக் கழுவி எடுத்துப் புதிதாக நிரப்புங்கள்.

மூன்று பட்டைகளும் ஒன்றாக இறங்குகின்றன

பொதுவான பிரிப்புக்கு 1 கிராமுக்கு 30 கிராம் சிலிக்கா என்பார்கள். 368, 338 போன்ற நெருங்கிய இணைக்கு அது போதாது. 300 மில்லிகிராம் பொருளுக்கு 30 கிராம், அதாவது நூறு மடங்கு வையுங்கள். தொடங்கும் கரைப்பான் 99:1 டைகுளோரோமீத்தேன்–மெத்தனால். 368இன் ஆர்எஃப் தட்டில் 0.3 அளவில் இருக்கும் கலவையே குழாய்க்கு ஏற்றது. தட்டில் அழகாகப் பிரிந்து காட்டும் 95:5 கலவையைக் குழாயில் ஊற்றினால் எல்லாம் சேர்ந்து ஓடிவரும்.

பொருளை ஏற்றும் விதத்திலும் கவனம் வேண்டும். குர்குமின் டைகுளோரோமீத்தேனில் எளிதில் கரைவதில்லை என்று 10 மில்லி ஊற்றிக் கரைத்து ஏற்றினால், முதல் பட்டையே இரண்டு சென்டிமீட்டர் அகலமாகிவிடும். அதன் பிறகு என்ன செய்தும் பயனில்லை. பொருளை அசிட்டோனில் கரைத்து, அதன் எடையைப் போல மூன்று மடங்கு சிலிக்கா சேர்த்து, ரோட்டாவேப்பில் உலர்ந்த தூளாக்கி, அதைக் குழாயின் தலையில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் மணல். 10 மில்லி பகுதிகளாகப் பிடித்து ஒவ்வொன்றையும் டிஎல்சி பாருங்கள். எல்லைப் பகுதிகளை நல்லவற்றோடு சேர்க்காதீர்கள். கைக்கு வரும் எடை குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம்; கலந்துவிட்ட 338ஐ மறுபடிகமாக்கலில் முழுதாக நீக்குவது கடினம்.

கரைசல் சிவந்து போகிறது

மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தால் சிவப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இதுவும் அதே வேதியியல். காரத்தில் ஃபீனால் ஹைட்ரஜன் பிரிந்து நிறம் மாறுகிறது. சிவப்பதோடு நின்றால் கவலையில்லை, மூலக்கூறு உடையவும் தொடங்குகிறது. புரதமில்லாத பஃபரில் பிஎச் 7.2, 37 டிகிரியில் வைத்தாலே குர்குமினின் பெரும்பகுதி அரை மணி நேரத்தில் சிதைந்துவிடும். வெனிலின், ஃபெருலிக் அமிலம், ஃபெருலாயில் மீத்தேன் ஆகியவை அதில் உண்டாகும்.

ஆய்வகத்தில் காரம் நுழையும் வழி பெரும்பாலும் கண்ணாடிச் சாமான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு–ஆல்கஹால் தொட்டியில் ஊறிய குடுவையை வெறும் நீரில் அலசிவிட்டு எடுத்து வந்திருப்பார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு வடிநீர், பிறகு அசிட்டோன் என்று கழுவுங்கள். என்எம்ஆர் குழாய்க்கும் இதே முறை. வெளிச்சமும் இதற்கு எதிரி என்பதால் சேகரித்த பகுதிகளை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

படிகம் வரவில்லை, அல்லது எண்ணெயாக இறங்குகிறது

எத்தனாலைக் கொதிக்க வைத்து, பொருள் கரையும் அளவுக்கு மட்டும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மிகையாக ஊற்றியிருந்தால் பாதியாகச் சுருக்குங்கள். எண்ணெயாக இறங்கினால் குளிர்வித்த வேகம் அதிகம், அல்லது டர்மெரோன் மிச்சமிருக்கிறது. மீண்டும் சூடாக்கி, சிறிது எத்தனால் சேர்த்து, குடுவையைத் துணியில் சுற்றி மேசைமேல் விட்டுவிடுங்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே ஐஸ். நீரை எதிர்க்கரைப்பானாகச் சேர்ப்பவர்கள், கலங்கல் தோன்றும் வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, தெளியும் வரை சூடாக்கிவிட்டு ஆறவிட வேண்டும்.

உருகுநிலை 183 டிகிரிக்கு அருகில், இரண்டு டிகிரி இடைவெளிக்குள் முடிய வேண்டும். 170இல் வியர்க்கத் தொடங்கி 180 வரை இழுத்தால் 338 கலந்திருக்கிறது, அல்லது எத்தனால் உலரவில்லை. 50 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு உலர்த்தி மீண்டும் பாருங்கள். மாறவில்லையென்றால் திரும்பவும் சிலிக்கா குழாய்தான். கடைசி 15 டிகிரிக்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் சூட்டை ஏற்றாதீர்கள். அவசரமாக ஏற்றிய உருகுநிலை எதையும் சொல்லாது.

என்எம்ஆரில் மெத்தாக்ஸி 6 வரவேண்டிய இடத்தில் 5.3 வருகிறது

இந்தப் பயிற்சியில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் அறிகுறி இதுதான். டிஎம்எஸ்ஓ-டி6 என்னும் டியூட்டீரியம் கரைப்பானில் குர்குமின் காட்டும் சிக்னல்கள்: 3.84இல் மெத்தாக்ஸி சிங்லெட், 6.06இல் நடு சிஎச், 6.76இலும் 7.55இலும் 15.8 ஹெர்ட்ஸ் பிணைப்போடு டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பின் டபுளெட்கள், 6.82, 7.15, 7.32இல் வளைய ஹைட்ரஜன்கள், 9.67இல் ஃபீனால். 338, 308 இரண்டிலும் உள்ள மெத்தாக்ஸி இல்லாத வளையம் 7.57, 6.83 என இரண்டு டபுளெட் தரும். அவை 7.55, 6.82 சிக்னல்களின் மேலேயே போய் விழும். மேலோட்டமாகப் பார்த்தால் நிறமாலை ‘சுத்தமாக’ இருக்கும். உண்மையில் மாசு ஒளிந்திருக்கிறது.

ஒளிக்க முடியாத இடம் இண்டெக்ரேஷன், அதாவது கோட்டின் பரப்பை வைத்து ஹைட்ரஜன்களை எண்ணுவது. 6.76 டபுளெட்டை 2.00 என்று வையுங்கள். அந்த ஹைட்ரஜன்கள் மூன்று சேர்மங்களிலும் இருக்கின்றன. மெத்தாக்ஸி 368இல் 6, 338இல் 3, 308இல் 0. மேலே சொன்ன 77:17:3 கலவைக்குக் கணக்குப் போட்டால் 5.3 வரும். அதாவது 5.3 வந்தால் பிரிப்பே நடக்கவில்லை. வாங்கிய கலவையைப் போன்ற ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள். மாசு 338 மட்டுமென்றால், 6இலிருந்து குறையும் ஒவ்வொரு 0.03க்கும் ஒரு மோல் விழுக்காடு.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. ஸ்கேன்களுக்கிடையே ஒரு நொடி மட்டும் காத்திருந்து எடுத்த நிறமாலையில் இண்டெக்ரேஷன் 3 விழுக்காடு தவறுவது சாதாரணம். மெத்தாக்ஸியில் அது 0.18, அதாவது 6 மோல் விழுக்காடு மாசு. காத்திருப்பு நேரத்தை 10 நொடிக்கு மேல் வைத்து, அடிக்கோட்டைச் சரிசெய்து எடுங்கள். அதற்கும் கீழே இருக்கும் மாசைக் கார்பன் நிறமாலையிலும், 425 நானோமீட்டரில் பார்க்கும் எச்பிஎல்சியிலும் (உயர் அழுத்தத் திரவக் குரோமட்டோகிராபியிலும்) தேடுங்கள்.

மாதிரி அளவு: புரோட்டானுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், கார்பனுக்கு 20 முதல் 30, கரைப்பான் 0.6 மில்லி.

நடு சிஎச் சிக்னல் குறைவு, அல்லது இல்லவே இல்லை

கரைப்பான் மெத்தனால்-டி4 ஆக இருந்தால் இது கோளாறே அல்ல. இரண்டு கார்பனைலுக்கு நடுவே இருக்கும் அந்த ஹைட்ரஜன் டியூட்டீரியத்தோடு இடம் மாறிக்கொள்கிறது. டிஎம்எஸ்ஓவுக்கு மாறுங்கள். இதனால்தான் இண்டெக்ரேஷனுக்கு 6.06ஐ அளவுகோலாக எடுக்காமல் 6.76ஐ எடுக்கச் சொன்னோம்.

16 பிபிஎம்மில் வரவேண்டிய ஈனால் (இரட்டைப் பிணைப்புக் கார்பனில் –OH உள்ள வடிவம்) சிக்னலைக் காணவில்லை என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. கருவியின் சாளரம் 14இலோ 16இலோ முடிந்திருக்கும். 18 வரை திறந்து எடுத்தால் அகன்ற சிறு மேடாகத் தெரியும். தெரியாவிட்டாலும் 6.06 சிங்லெட் இருக்கிறது என்றால் ஈனால் வடிவம்தான்.

9.7–9.8 பகுதியில் இரண்டு கோடுகள்

ஃபீனால் 9.67இல் வரும். பக்கத்தில் 9.77 அளவில் கூர்மையான இன்னொரு சிங்லெட் இருந்தால் அது வெனிலினின் ஆல்டிஹைடாக இருக்கலாம். சிதைவு நடந்திருக்கிறது என்பதற்கான சாட்சி அது. எது எது என்று பிரிக்க என்எம்ஆர் குழாயில் ஒரு சொட்டு கனநீர் விட்டுக் குலுக்கி மீண்டும் எடுங்கள். ஃபீனால் மறையும், ஆல்டிஹைடு அசையாது. எச்எஸ்க்யூசி (ஹைட்ரஜனை அது ஒட்டியிருக்கும் கார்பனோடு இணைத்துக் காட்டும் என்எம்ஆர்) எடுக்க வசதி இருந்தால் இன்னும் தெளிவு: ஆல்டிஹைடு ஹைட்ரஜன் 191 அருகிலுள்ள கார்பனோடு புள்ளி காட்டும், ஃபீனாலுக்குப் புள்ளியே இராது. வெனிலின் உறுதியானால் மறுபடிகமாக்கினால் போதும். ஆனால் காரம் எங்கே நுழைந்தது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையேல் மீண்டும் வரும்.

எதிர்பாராத சிறு கோடுகள்

டிஎம்எஸ்ஓவில் வழக்கமாக வந்து நிற்பவை: நீர் 3.33, எத்தனால் 1.06, 3.44, எத்தில் அசிட்டேட் 1.17, 1.99, 4.03, அசிட்டோன் 2.09, டைகுளோரோமீத்தேன் 5.76, மெத்தனால் 3.16, ஹெக்சேனும் கிரீஸும் 0.86, 1.25. வால் பிடிக்காமல் இருக்கச் சேர்த்த அசிட்டிக் அமிலம் 1.91இல் தலைகாட்டும். டியூட்டரோ குளோரோஃபார்முக்கு இந்த எண்கள் பொருந்தாது. அங்கே அசிட்டோன் 2.17, நீர் 1.56 என எல்லாம் இடம் மாறும். ஒரு கரைப்பானின் பட்டியலை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்துப் புதிய மாசு என்று அலைபவர்கள் பலர்.

கரைப்பான் எவ்வளவு என்று எண்ணாகவே எழுதலாம். 6.76ஐ 2.00 என வைத்து, 1.06இல் 0.30 வந்தால், ஒரு மோல் குர்குமினுக்கு 0.1 மோல் எத்தனால். எடையில் 1.2 விழுக்காடு. தனிமப் பகுப்பாய்வில் கார்பன் 68.47, ஹைட்ரஜன் 5.47 வராமல் தள்ளிப் போவதற்கு இந்த ஒன்றேகால் விழுக்காடே போதும்.

எல்லாக் கோடுகளும் அகலமாக இருக்கின்றன

கரையாத துகள்தான் முதல் சந்தேகம். பாஸ்டர் பிப்பெட்டில் சிறிது கண்ணாடிப் பஞ்சு வைத்து வடிகட்டிக் குழாயில் விடுங்கள். அதன் பிறகும் அகலமென்றால் இரும்போ தாமிரமோ இருக்கலாம். குர்குமினின் ஈனால் பகுதி உலோக அயனிகளை இறுகப் பற்றும் இடம். பாராகாந்த உலோகம் சிறிதளவு இருந்தாலே நடு சிஎச் முதலில் அகன்று தாழும். துருப்பிடித்த ஸ்பேச்சுலாவைத் தூக்கி எறியுங்கள். பொருளை எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் ஒருமுறை, நீரால் இருமுறை கழுவி உலர்த்தி எடுங்கள். கரைப்பானின் கோடும் அகலமாக இருந்தால் கோளாறு மாதிரியில் அல்ல, ஷிம்மிங்கில், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்குவதில்.

கார்பனில் 11க்கு மேல் கோடுகள்

குர்குமினில் 21 கார்பன்கள். சமச்சீரான ஈனால் வடிவம் என்பதால் 11 கோடுகள் மட்டுமே வரும்: 183, 149, 148, 141, 126, 123, 121, 116, 111, 101, 56. இவற்றில் 160 இல்லை என்பதைக் கவனியுங்கள். 338இலும் 308இலும் மெத்தாக்ஸி இல்லாத வளையத்தின் ஃபீனால் கார்பன் சரியாக 160 அருகில் வரும். கூடவே 130இல் ஒன்று எழும். புரோட்டானில் ஒளிந்த மாசு இங்கே ஒளிய முடியாது. கோடுகள் குறைந்தால் பெரும்பாலும் காணாமல் போவது ஹைட்ரஜன் இல்லாத கார்பன்கள். இன்னும் அதிக ஸ்கேன், இன்னும் நீண்ட காத்திருப்பு வேண்டும்.

ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 1700 இல்லை

இருக்கக் கூடாது. ஈனாலில் கார்பனைல் உள்ளக ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கி 1628க்கு இறங்கிவிடுகிறது. பாடநூலில் கீட்டோன் 1715 என்று படித்ததை இங்கே தேட வேண்டாம். 3500 அருகே ஃபீனால், 1602, 1510 வளையம், 960 அருகே டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பு. 1740 வந்தால் எத்தில் அசிட்டேட் அல்லது கொழுப்பு எஸ்டர், 1685 வந்தால் டர்மெரோன். 3400இல் பெரிய மேடு பொட்டாசியம் புரோமைடு உறிஞ்சிய ஈரம். 110 டிகிரியில் உலர்த்துங்கள்.

மாஸில் (நிறை நிறமாலையில்) 391

369.133 புரோட்டான் சேர்ந்த குர்குமின், 391.115 சோடியம் சேர்ந்தது. இடைவெளி 21.982. ஆனால் பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து கசியும் டைஎத்தில்ஹெக்சைல் தாலேட்டும் 391இல்தான் வரும், அதன் துல்லிய எண் 391.284. முழு எண்ணாக மட்டும் காட்டும் கருவியில் இரண்டும் ஒன்றே. மாதிரி இல்லாமல் கரைப்பானை மட்டும் செலுத்திப் பாருங்கள். அப்போதும் 391 வந்தால் தாலேட். ஐயம் நீங்காவிட்டால் எதிர் அயனி முறையில் 367ஐப் பாருங்கள். குர்குமின் அங்கே நன்றாகத் தெரியும்.

339 தெரிந்தால் அது 338இன் அயனியா, 369 உடைந்து வந்த துண்டா என்று துல்லிய நிறையால் பிரிக்க முடியாது. சிஎச்2ஓ இழந்த 369இன் வாய்ப்பாடும் அதுவேதான். எல்சியோடு (திரவக் குரோமட்டோகிராபியோடு) இணைத்து எடுத்து, 339 வேறு நேரத்தில் வெளிவருகிறதா என்று பார்ப்பதே வழி. அந்த அயனியை உடைத்துப் பார்ப்பதும் பயன் தரும். 369 உடைந்தால் 177 முதன்மையாக வரும். 338இன் அயனியில் 177உடன் 147உம் சேர்ந்து வரும். 308இல் 147 மட்டும்.

எல்லாம் பொருந்துகிறது, ஆனால் மெத்தாக்ஸி எந்தக் கார்பனில்?

வளையத்தில் 3இல் மெத்தாக்ஸி, 4இல் ஹைட்ராக்சி என்பது குர்குமின். இரண்டும் இடம் மாறினால் ஐசோகுர்குமின். நிறை ஒன்றே, பிளவு வடிவமும் ஒன்றே, பிபிஎம் வேறுபாடும் சிறிது. நோசி (இடத்தால் நெருங்கிய ஹைட்ரஜன்களைக் காட்டும் என்எம்ஆர்) எடுத்து 3.84இல் உள்ள மெத்தாக்ஸி எந்த ஹைட்ரஜனுக்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். 7.32இல் 2 ஹெர்ட்ஸ் அளவு சிறு பிளவு கொண்ட ஹைட்ரஜனோடு புள்ளி விழுந்தால் குர்குமின். 6.8இல் 8.2 ஹெர்ட்ஸ் டபுளெட்டோடு விழுந்தால் ஐசோ. எச்எம்பிசியில் (இரண்டு மூன்று பிணைப்பு தள்ளியுள்ள கார்பனைக் காட்டும் என்எம்ஆரில்) மெத்தாக்ஸி 148 கார்பனோடு காட்டும் புள்ளியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 148, 149 என இரண்டு கோடுகள் நெருங்கி நிற்பதால், கார்பன் பக்கத்தில் போதிய பிரிதிறன் வைக்காமல் எடுத்த எச்எம்பிசி இந்தக் கேள்விக்கு விடை தராது.